எண்ணூர் பஸ் செல்போனில் ஓடுகிறது! கூடவே திருடனும் ஏறலாம்!

எண்ணூரில் ஒரு பெரிய மோட்டார் தொழிற்சாலை இருக்கிறது. அதை நடத்தும் கம்பெனி 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் அந்தக் கம்பெனியின் பஸ்கள் ஏராளமாக ஓடுகின்றன. இது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்.

ஆனால், அதே பஸ் இப்போது இன்னொரு சாலையிலும் ஓடுகிறது. டீசல் வேண்டாம். டிக்கெட் வேண்டாம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பையனின் செல்போனுக்குள் ஓடுகிறது!

ஓடுகிற சாலை எது? இந்தோனேசியா நாட்டுச் சாலை!

இது எப்படி நடக்கிறது? இதில் நன்மை என்ன? ஆபத்து என்ன? பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

"மாட்" என்றால் என்ன?

"பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா" என்று ஒரு விளையாட்டு உண்டு. இந்தோனேசியாவைச் சேர்ந்த மாலியோ என்ற நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. பஸ் ஓட்டுவதுதான் விளையாட்டு. பயணிகளை ஏற்ற வேண்டும். இறக்க வேண்டும். மோதாமல் ஓட்ட வேண்டும்.

அந்த விளையாட்டில் இந்தோனேசியா பஸ்கள்தான் இருந்தன. ஆனால், வெளியார் செய்த வண்டியையும் உள்ளே சேர்க்கலாம் என்று அந்த நிறுவனமே ஒரு வழியைத் திறந்து வைத்தது.

கேரளத்து வாலிபர்களும் தமிழ்நாட்டு வாலிபர்களும் அந்த வழியில் புகுந்தார்கள். நம் ஊர் அரசு பஸ், தனியார் பஸ், ஆம்னி பஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து உள்ளே ஏற்றினார்கள்.

இப்படி விளையாட்டை உருவாக்கிய கம்பெனி அல்லாமல், வெளியார் செய்து சேர்க்கும் மாற்றத்துக்குத்தான் "மாட்" என்று பெயர். "மாடிஃபிகேஷன்" என்பதன் சுருக்கம்.

இது புரிய ஓர் எளிய வழி உண்டு.

தொழிற்சாலையிலிருந்து பஸ் முழுதாக வெளியே வருவதில்லை. பெரும்பாலும் சேசிஸ் மட்டும் வரும். அதாவது, சக்கரமும் எஞ்சினும் சட்டமும்தான். அதன் மேல் கூடு கட்டுவது வேறு ஆட்கள். கரூரில் அந்தத் தொழில் பிரசித்தம்.

விளையாட்டுக் கம்பெனி கொடுப்பது சேசிஸ். ரசிகர்கள் கட்டுவது பாடி. அந்தப் பாடிதான் மாட்!

வடசென்னைக்கு இது புதிதா?

இல்லவே இல்லை!

திருவொற்றியூரில் 1950-களிலேயே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. புல்லட் வண்டியை வாங்கிய மறுநாளே ஹேண்டில்பாரை மாற்றுகிறவர்கள் உண்டு. சைலன்சரை மாற்றிவிட்டுப் போலீசில் சிக்குகிறவர்களும் உண்டு.

கம்பெனி கொடுத்ததைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பார்ப்பது மனித சுபாவம். அந்த ஆசை இப்போது சாலையிலிருந்து திரைக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இதைக் கெட்ட பழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. உலகப் புகழ் பெற்ற சில விளையாட்டுகளே மாட் ஆகப் பிறந்தவைதான்.

"கவுண்டர் ஸ்ட்ரைக்" என்ற துப்பாக்கி விளையாட்டு 1999-ல் ரசிகர்கள் இருவர் செய்த மாட். வேறொரு விளையாட்டின் மேல் கட்டப்பட்டது. மறு ஆண்டே அசல் கம்பெனியான வால்வ் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

"பப்ஜி" கதையும் அப்படித்தான். "ஆர்மா 2" என்ற விளையாட்டின் மேல் "டே-இசட்" என்ற மாட் 2012-ல் வந்தது. அதன் மேல் பிரெண்டன் கிரீன் என்பவர் இன்னொரு மாட் செய்தார். அந்த எண்ணமே வளர்ந்து 2017-ல் பப்ஜி ஆயிற்று. அதன் செல்போன் பதிப்பை 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்யும்வரை, தமிழ்நாட்டுத் தெருக்களில் அதை ஆடாத வாலிபர் குறைவு!

மாட் செய்யக் கற்றுக்கொள்ளும் பையன் ஒரு தொழிலையும் கற்றுக்கொள்கிறான். பஸ்ஸின் உருவத்தை நீளம், அகலம், உயரத்தோடு வரைய வேண்டும். "பிளெண்டர்" என்ற மென்பொருள் அதற்கு உதவுகிறது. அது இலவசம். சினிமாவிலும் கட்டட வரைபடத்திலும் இதே வேலை இருக்கிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே?

நல்ல கடையிலும் நஞ்சு!

மாட் என்பது முகம் தெரியாத ஒருவர் செய்த பொருள். அதைச் சேர்த்துக்கொள்வது, அந்த ஆளை வீட்டுக்குள் விடுவதற்குச் சமம். நல்லவராக இருந்தால் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போவார். கெட்டவராக இருந்தால் பீரோவைத் திறப்பார்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நடந்திருக்கிறது.

2015 மே மாதத்தில், "ஜி.டி.ஏ. 5" விளையாட்டுக்கு வந்த இரண்டு மாட்களில் திருட்டு நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. ஒன்றின் பெயர் "ஆங்கிரி பிளேன்ஸ்". விமானங்கள் கோபத்தோடு துரத்தும் வேடிக்கை அது. வேடிக்கை பார்க்கும்போதே, விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளைத் திருட்டு நிரல் குறித்துக்கொண்டது!

2023 ஜூன் மாதத்தில் "மைன்கிராஃப்ட்" ரசிகர்களுக்கு அதிர்ச்சி. "கர்ஸ்ஃபோர்ஜ்" என்பது பெயர் பெற்ற மாட் தளம். அதிலேயே சில மாட்களுக்குள் "ஃப்ராக்சரைசர்" என்ற நச்சு நிரல் புகுந்துவிட்டது. கடவுச்சொற்களைத் திருடியது. கம்ப்யூட்டரில் இருந்த மற்ற மாட் கோப்புகளிலும் தொற்றிக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, "ஸ்லே தி ஸ்பயர்" விளையாட்டுக்கான "டவுன்ஃபால்" என்ற புகழ் பெற்ற மாட் மாட்டிக்கொண்டது. அதைச் செய்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களது கணக்கை யாரோ கைப்பற்றி, புதுப்பிப்பு என்ற பெயரில் நஞ்சை அனுப்பிவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அது விநியோகம் ஆயிற்று.

இவை எல்லாம் பலரும் நம்பும் இடங்களில் நடந்தவை. நல்ல கடையிலேயே இப்படி என்றால், முகவரி இல்லாத கடையின் கதி என்ன?

இரண்டும் ஒரே பெயர்! இரண்டும் ஒன்றல்ல!

செல்போனில் "மாட்" என்ற பெயரில் இரண்டு பொருள்கள் நடமாடுகின்றன. இந்த வித்தியாசம் வீட்டில் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகை, பஸ் மாட். அசல் விளையாட்டு அப்படியே இருக்கிறது. அதற்குள் ஒரு வண்டியை அல்லது ஒரு பெயின்டை மட்டும் சேர்க்கிறோம். ஆபத்து குறைவு.

இரண்டாவது வகை, "மாட் ஏ.பி.கே." என்பது. "கணக்கில்லாத காசு", "எல்லா வண்டியும் இலவசம்" என்று ஆசை காட்டுவது இதுதான். இங்கே விளையாட்டு முழுவதையுமே யாரோ பிரித்து, உள்ளே கை வைத்து, மறுபடி மூட்டியிருக்கிறார்.

முதல் வகை, சொந்த பஸ்ஸுக்குப் புது சீட் போடுவது போல. இரண்டாவது வகை, சொந்த பஸ்ஸை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் கொண்டுவந்து நிறுத்தும் பஸ்ஸில் குடும்பத்தோடு ஏறுவது போல!

ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு செல்போனில் நிறுவப்படும் முழுச் செயலி. அதை பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து போட்டால் போன் முதலில் தடுக்கும். "தெரியாத இடத்திலிருந்து வந்தது" என்று எச்சரிக்கும். கற்றுக்கொடுக்கும் வீடியோவில் என்ன சொல்கிறார்கள்? "அந்த எச்சரிக்கையை அணைத்துவிடு" என்கிறார்கள்.

வீட்டு நாயைக் கட்டிப் போடச் சொல்லும் விருந்தாளி யாராக இருப்பான்? யோசித்துப் பார்க்க வேண்டும்!

அடுத்தபடியாக, அந்தச் செயலி அனுமதி கேட்கும். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி. திரையில் நடப்பதைப் பார்க்கும் "அக்சசிபிலிட்டி" அனுமதி. பஸ் ஓட்டும் விளையாட்டுக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு?

இங்கேதான் குடும்பத்துக்கு ஆபத்து.

எத்தனையோ வீடுகளில் ஒரே ஒரு நல்ல செல்போன்தான். காலையில் அப்பாவுக்குத் துறைமுகத்து வேலைத் தகவல் அதில் வருகிறது. அம்மாவின் சுயஉதவிக் குழுத் தவணை அதில் போகிறது. மீன் வியாபாரத்துப் பணம் அதில் விழுகிறது. வங்கியின் ரகசிய எண்ணும் அதற்கே வருகிறது. சாயங்காலம் பையன் விளையாடுவதும் அதே செல்போன்தான்!

ரகசிய எண்ணைப் படிக்கும் அனுமதி ஒரு திருட்டுச் செயலிக்குக் கிடைத்தால், பணப்பெட்டியின் சாவி கைமாறிவிட்டது என்று பொருள்.

பத்திரமாகச் சேர்ப்பது எப்படி?

மாட் சேர்க்க விரும்பும் பிள்ளைகள் சில விதிகளைக் கைக்கொண்டால் பெரும்பாலான தொல்லைகளைத் தவிர்க்கலாம்.

ஒன்று: வாங்கும் இடம். விளையாட்டுக்குள்ளேயே மாட் பகுதி இருந்தால் அதுவே முதல் இடம். கம்ப்யூட்டரில் "ஸ்டீம் வொர்க்‌ஷாப்" உண்டு. "நெக்சஸ் மாட்ஸ்" போன்ற பெயர் பெற்ற தளங்கள் உண்டு. செய்தவர் யார், எந்தத் தேதி, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். வீடியோவின் கீழே உள்ள இணைப்பைத் தட்டி, அங்கிருந்து ஐந்து பக்கம் தாண்டிப் போகும் இடத்தைத் தொடவே வேண்டாம்.

இரண்டு: கோப்பின் வால். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளே அதன் ஜாதகம். லாரி ஓட்டும் "யூரோ டிரக் சிமுலேட்டர் 2" விளையாட்டின் மாட், "எஸ்.சி.எஸ்." என்று முடியும். "இ.எக்ஸ்.இ." என்று முடிந்தால் அது ஓடக்கூடிய நிரல். லாரி கேட்டவனுக்கு நிரல் வந்தால் திறக்காமல் அழித்துவிட வேண்டும். விண்டோஸ் இந்த வாலைச் சாதாரணமாக மறைத்தே வைக்கும். கோப்புகளைக் காட்டும் ஜன்னலில் "வியூ" பகுதிக்குப் போய், வாலைக் காட்டும்படி செய்துகொள்ள வேண்டும்.

மூன்று: பூட்டிய மூட்டை. சில மாட்கள் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய மூட்டையாக வரும். பூட்டியிருந்தால் வைரஸ் தடுப்பு நிரலால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகவே பூட்டுகிற மோசக்காரர்கள் உண்டு.

நான்கு: சோதனை. திறக்கும் முன் விண்டோஸில் உள்ள தடுப்பு நிரலால் சோதிக்க வேண்டும். "வைரஸ்டோட்டல்" என்ற தளத்தில் கோப்பை ஏற்றினால், பல தடுப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். அவை "சுத்தம்" என்றாலும் முழு உத்தரவாதம் இல்லை. "ஆபத்து" என்று பல நிரல்கள் சேர்ந்து சொன்னால் விட்டுவிட வேண்டும்.

ஐந்து: நகல். இதுவரை விளையாடிச் சேர்த்த கணக்கு ஒரு கோப்பில்தான் இருக்கிறது. அதை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் மாட்டைத் தொட வேண்டும்.

ஆறு: ஒவ்வொன்றாக. பத்து மாட்களை ஒரே நாளில் திணிக்கக் கூடாது. ஒன்றைச் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, சரி என்றால் அடுத்தது.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. ஓட்டை அடைக்கப்படாத கூரையின் கீழ் படுப்பவர், மழைக்காலத்தில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் அல்லவா?

விளையாட்டு திறக்கவில்லையா?

மாட் போட்டதும் விளையாட்டு பாதியில் நின்றுவிடும். வண்டி வெள்ளையாக நிற்கும். சில சமயம் சக்கரம் தரைக்குள் புதையும்! உடனே வைரஸ் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது.

முதல் காரணம், வயது வித்தியாசம். விளையாட்டுக் கம்பெனி புதிய பதிப்பை அனுப்பியிருக்கும். மாட் பழைய பதிப்புக்குச் செய்யப்பட்டிருக்கும். சேசிஸில் துளைகளை மாற்றிவிட்டால் பழைய பாடியின் போல்ட் எப்படிப் பொருந்தும்? மாட் செய்தவர் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சக்களத்திச் சண்டை. ஒரே பாகத்தை இரண்டு மாட்கள் மாற்றப் பார்க்கும். ஒன்றை எடுத்துவிட வேண்டும். அல்லது எது முதலில், எது பின்னால் என்ற வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, துணை இல்லாத குறை. சில மாட் வேலை செய்ய இன்னொரு மாட் வேண்டும். அதைச் செய்தவரின் குறிப்பில் எழுதியிருக்கும். படிக்காமல் போடுவதால் வரும் தொல்லை இது.

நான்காவது, பளு. செல்போனின் நினைவகம் சிறியது. மாட்டின் படங்கள் பெரியவை. போன் சுடும், நின்றுவிடும். சிறிய மாட் போதும்.

குற்றவாளி எது என்று தெரியாவிட்டால் மெக்கானிக்கின் உபாயம் இருக்கிறது. பதினாறு மாட்கள் இருந்தால் எட்டை எடுத்துவிட வேண்டும். விளையாட்டு ஓடினால், பழுது எடுத்த எட்டில் இருக்கிறது. ஓடாவிட்டால், மீதி எட்டில். பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. நான்கே சோதனையில் குற்றவாளி அகப்படுவான்!

விளையாட்டே ஒரு குறிப்பேடும் எழுதி வைக்கிறது. யூரோ டிரக் விளையாட்டில் அதன் பெயர் "கேம் லாக்". நின்றுபோகும் முன் கடைசியாக எழுதிய வரிகளில் பெரும்பாலும் காரணம் இருக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால், எல்லா மாட்டையும் எடுத்துவிட்டு, விளையாட்டை மறுபடி நிறுவி, நகல் எடுத்த கணக்கைத் திரும்ப வைத்தால் போதும்.

பலர் சேர்ந்து போட்டியிடும் இணைய விளையாட்டுகளுக்கு மட்டும் இந்த வைத்தியம் செல்லாது. அங்கே சுவருக்குப் பின்னால் பார்ப்பது, குறி தவறாமல் சுடுவது போன்ற மாட் போட்டால் அது பித்தலாட்டம். கம்பெனி கணக்கையே பூட்டிவிடும்.

திருடன் வந்ததற்கு அடையாளம்

விளையாட்டு கெட்டால் அது பழுது. விளையாட்டுக்கு வெளியே எதாவது கெட்டால் அது திருட்டாக இருக்கலாம்.

விளையாடாதபோதும் போன் சுடுகிறதா? கேட்காமலே விளம்பரம் குதிக்கிறதா? நிறுவிய செயலியின் படம் மறைந்துவிட்டதா? கடவுச்சொல் தானாக மாறிவிட்டதா? கேட்காத ரகசிய எண் வங்கியிலிருந்து வருகிறதா?

ஒன்று நடந்தாலும் உடனே இணையத்தை அணைக்க வேண்டும். வேறு செல்போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்த வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். சைபர் பண மோசடிக்கென்றே இந்திய அரசு வைத்திருக்கும் எண் அது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் எழுதலாம். கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்ற வேண்டும். கடைசியில், போனை வாங்கிய நாளில் இருந்தது போல முழுதாகத் துடைத்துவிடுவதே நல்லது.

பணம் திருடனின் கணக்கிலிருந்து வேறு கணக்குகளுக்கு ஓடிவிடும் முன் சொன்னால், அதை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் வாய்ப்பு குறையும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"இனி போனையே தொடாதே!" என்று உதைப்பது எளிது. பலன் என்ன? பையன் மறைத்துச் செய்வான்.

அதைவிட நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் கேட்கலாம்.

"இதை யார் செஞ்சதுடா? எங்கேருந்து எடுத்தே? என்ன அனுமதி கேட்டுச்சு? வேணாம்னா எடுத்துட முடியுமா?"

நான்குக்கும் பதில் சொல்லும் பையன், விஷயம் தெரிந்து செய்கிறான். ஒன்றுக்குத் தடுமாறினாலும் அன்று அந்த மாட் வேண்டாம்.

முடிந்தால் விளையாட்டுக்குப் பழைய போன் ஒன்றை ஒதுக்கலாம். அதில் வங்கியும் வேண்டாம். வங்கியோடு இணைந்த சிம்மும் வேண்டாம். முடியாவிட்டால், மாட் ஏ.பி.கே. அந்த வீட்டுக்குள் வரவே கூடாது என்று ஒரே ஒரு சட்டம் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. தப்பு நடந்துவிட்டால் பையன் ஓடி வந்து சொல்ல வேண்டும். அடிக்குப் பயந்து அவன் ராத்திரி முழுவதும் வாய் திறக்காமல் இருந்தால், அந்த ராத்திரி திருடனுக்குச் சொந்தம்.

"சொன்னால் அடிக்க மாட்டோம்" என்ற வாக்குறுதியை இன்றைக்கே கொடுத்து வைப்பது நல்லது. குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்ற அதைவிடச் சிறந்த பூட்டு இன்னும் வரவில்லை!